சுண்டைக்காயும் சுமைகூலியும்

(ஒரு கல்லூரியின் கணித மன்றத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர், "கணித மன்றத்தில் சமையல் குறிப்பா சொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டார். சமையல் இல்லை, கணக்குத்தான். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். வாங்கிய காயின் விலையைவிட அதைத் தூக்கி வந்த கூலி அதிகம். கணினிக்குள் இன்று நடப்பதும் இதுதான். பெருக்கலும் கூட்டலும் சுண்டைக்காய். எண்களை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைப்பது சுமைகூலி. இந்தக் கூலியைக் குறைக்க அறுபது ஆண்டுகளாக எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொண்ட கதைதான் இன்றைய பேச்சு.

கதையின் நாயகன் எஃப்எஃப்டி என்கிற விரைவு ஃபூரியே உருமாற்றம். ஒரு கச்சேரியின் ஒலிப்பதிவைக் கொடுத்தால், அதில் எந்த அதிர்வெண் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்வது ஃபூரியே உருமாற்றத்தின் வேலை. 1,024 மாதிரிகளுக்கு இதை நேரடியாகச் செய்தால் 10,48,576 பெருக்கல்கள். விரைவு முறையில் 5,120 போதும். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் 4ஜி செல்பேசி, 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தரவை இறக்கும்போது, ஒரு மில்லி விநாடிக்கு 14 முறை, வழக்கமாக 2,048 புள்ளிகள் கொண்ட உருமாற்றத்தைச் செய்கிறது. விநாடிக்கு 14,000 முறை! பழைய முறையில் இதைச் செய்யச் சொன்னால் செல்பேசி அடுப்பாகிவிடும்.

இந்த முறை வந்த விதம் சுவையானது. 1963-இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுக் கூட்டம் ஒன்றில், ஜான் டூக்கி என்ற கணிதப் பேராசிரியர் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் கார்வின் எட்டிப் பார்த்தார். சோவியத் நாடு நிலத்தடியில் அணுகுண்டு வெடித்தால் நில அதிர்வுப் பதிவிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்பது கார்வினின் கவலை. டூக்கியின் தாளில் இருந்தது அதற்கான மருந்து என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்குப் போய், அங்கிருந்த ஜேம்ஸ் கூலியிடம் இதை நிரலாக எழுதித் தரச் சொன்னார். அணுகுண்டு விஷயத்தை மூடி மறைத்து, ஹீலியம்-3 படிகத்தைப் பற்றிய ஆராய்ச்சி என்று காரணம் சொன்னார். 1965-இல் கூலியும் டூக்கியும் சேர்ந்து ஐந்தே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதே உத்தியை ஜெர்மனியின் காவுஸ் 1805 வாக்கிலேயே சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடக் கண்டுபிடித்து, குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார் என்பது பிற்பாடு தெரியவந்தது.

சுமைகூலியைப் பற்றிப் பேச வந்த இடத்தில் ஆசிரியர் பெயரே கூலி என்று அமைந்தது என் பாக்கியம். (சிரிப்பு)

சரி, கூலி எங்கிருந்து வருகிறது? இதைக் கரும்பலகையில் எழுதுவதைவிட நடத்திக் காட்டுகிறேன். முன்வரிசையிலிருந்து எட்டுப் பேர் மேடைக்கு வாருங்கள். வா தம்பி, கூச்சப்படாதே. நீயும் வாம்மா.

(எட்டு மாணவர்கள் வந்து வரிசையாக நிற்கிறார்கள்.)

இடமிருந்து வலமாக 0 முதல் 7 வரை ஆளுக்கோர் அட்டை. விரைவு முறையின் உயிர்நாடி ஒரே ஒரு தந்திரம்: பெரிய கணக்கை இரண்டு பாதிக் கணக்காக உடை. இரட்டைப்படை எண்கள் ஒரு பாதி, ஒற்றைப்படை எண்கள் மறுபாதி. இரட்டைக்காரர்கள் இடப்பக்கம் போங்கள், ஒற்றைக்காரர்கள் வலப்பக்கம். வரிசை இப்போது 0, 2, 4, 6, பிறகு 1, 3, 5, 7. ஒவ்வொரு பாதியையும் மறுபடி அப்படியே உடைப்போம். ஒன்றுவிட்டு ஒருவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம். கிடைப்பது 0, 4, 2, 6, 1, 5, 3, 7.

இது தாறுமாறாகத் தெரிகிறது. ஆனால் யார் நகர்ந்தார், யார் நகரவில்லை என்று பாருங்கள். 0, 2, 5, 7 ஆகிய நால்வரும் முதலில் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். 1-உம் 4-உம் இடம் மாற்றிக்கொண்டார்கள். 3-உம் 6-உம் மாற்றிக்கொண்டார்கள். அட்டைகளைத் திருப்புங்கள், பின்பக்கம் அதே எண்ணை இரும முறையில் எழுதியிருக்கிறேன். 1 என்பது 001, 4 என்பது 100. 3 என்பது 011, 6 என்பது 110. ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால் மற்றது! நகராத நால்வர் 000, 010, 101, 111. இவை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே, 'விகடகவி' என்ற சொல்லைப் போல.

காரணம் எளிது. ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்பதை அதன் கடைசி பிட், அதாவது கடைசி இரும இலக்கம், சொல்கிறது. நீங்கள் வரிசையின் முதல் பாதியில் நிற்கிறீர்களா இரண்டாம் பாதியிலா என்பதை உங்கள் இட எண்ணின் முதல் பிட் சொல்கிறது. கடைசி பிட்டைப் பார்த்துப் பாதியைத் தீர்மானித்தோம். ஆகவே கடைசி முதலாயிற்று. அடுத்த சுற்றில் அதற்கு முந்திய பிட். இப்படியே போனால் முழு எண்ணும் தலைகீழாகிவிடும். இதற்குப் பிட் தலைகீழ் வரிசை என்று பெயர்.

தமிழ் படித்தவர்கள் இங்கே சற்று நிமிர்ந்து உட்காரலாம். யாப்பில் நேர், நிரை என்று அசை இரண்டு வகை. நேரைச் சுழி என்றும் நிரையை ஒன்று என்றும் வைத்துக்கொண்டு, பள்ளியில் மனப்பாடம் செய்த வாய்பாட்டை அதே வரிசையில் சொல்லுங்கள். தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய். தேமாங்கனி, புளிமாங்கனி, கருவிளங்கனி, கூவிளங்கனி. தேமாங்காய் நேர் நேர் நேர், அதாவது 000. புளிமாங்காய் நிரை நேர் நேர், அதாவது 100. எட்டையும் எண்ணாக்கினால் 0, 4, 6, 2, 1, 5, 7, 3. கருவிளத்தையும் கூவிளத்தையும் மட்டும் இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள்: 0, 4, 2, 6, 1, 5, 3, 7. மேடையில் நிற்கும் எட்டுப் பேரின் வரிசை! சமஸ்கிருத யாப்பில் பிங்கலர் வழி வந்த பிரஸ்தாரம் என்னும் அசைப் பட்டியலில், நெடிய அசையான குருவைச் சுழியாகவும் குறிய அசையான லகுவை ஒன்றாகவும் கொண்டால், எந்த மாற்றமும் செய்யாமலே இந்த வரிசை அப்படியே வருகிறது.

நம் முன்னோருக்கு எஃப்எஃப்டி தெரியும் என்று நாளைக்கு யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். நான் சொல்ல வருவது வேறு. செய்யுளில் முதலில் ஒலிக்கும் அசையை முதலில் மாற்றிப் பார்ப்பது இயல்பு. எண்ணில் கடைசி இலக்கத்தை முதலில் மாற்றுவது இயல்பு. இரண்டுமே ஒழுங்கான எண்ணிக்கைதான். எந்த முனையிலிருந்து தொடங்குகிறோம் என்பதில் மட்டும் வேறுபாடு. தலைகீழ் வரிசை குழப்பமே அல்ல, மறுமுனையிலிருந்து பார்த்த ஒழுங்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கு வேலை இருக்கிறது.

இனி, கலைந்த வரிசையை நேராக்க வேண்டும். எப்படி? ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் தலைகீழைக் கண்டுபிடி, இரண்டு இடத்திலும் இருப்பதை மாற்றி வை. 1,024 எண்களில் முன்பின் ஒன்றாக இருப்பவை 32. மீதி 992 எண்கள், 496 ஜோடி. வேலை அவ்வளவுதான்.

நான் முதன்முதலில் எழுதிய நிரலில் இந்த இடத்தில்தான் விழுந்தேன். 0 முதல் 1,023 வரை ஒவ்வோர் எண்ணையும் அதன் தலைகீழோடு மாற்றி வைத்தேன். நிரல் ஓடியது, பிழை ஏதும் காட்டவில்லை. வரிசை மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. இரண்டு இரவு கோட்பாட்டைச் சந்தேகித்தேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது: 1-க்கு முறை வரும்போது 1-ஐயும் 512-ஐயும் மாற்றுகிறேன், 512-க்கு முறை வரும்போது அதே இருவரை மறுபடி மாற்றுகிறேன். வேதாளம் திரும்ப முருங்கை மரம் ஏறிவிட்டது. தலைகீழ் எண் பெரிதாக இருந்தால் மட்டும் மாற்று என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன், சரியாயிற்று. இந்த வாரம் ஆய்வகத்தில் இதை எழுதப் போகும் உங்களில் பாதிப் பேர் இதே பள்ளத்தில் விழுவீர்கள். விழுங்கள், மறக்காது.

தலைகீழைக் கண்டுபிடிக்கவும் நேரம் ஆகிறதே, அதைக் குறைக்க முடியாதா? முடியும். பெர்னார்ட் கோல்டும் சார்லஸ் ரேடரும் 1969-இல் வெளியிட்ட நூலின் பெயரால் வழங்கும் வழி ஒன்று உண்டு. ஸ்கூட்டரில் ஓடிய தூரம் காட்டும் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். வலக்கோடிச் சக்கரம் எப்போதும் நகரும். அது ஒரு சுற்று முடித்தால் இடப்பக்கத்துச் சக்கரம் ஒரு படி நகரும். இந்த மீட்டரைக் கண்ணாடியில் பாருங்கள். இடக்கோடியில் ஒன்றைக் கூட்டுகிறோம், மீதி வலப்பக்கம் போகிறது. 100-இன் இடக்கோடியில் ஒன்று கூட்டினால் அங்கே சுழி விழுந்து, மீதி அடுத்த இடத்துக்குப் போய் 010 ஆகும். அடுத்து 110. அடுத்து 001. அதாவது 4, 2, 6, 1. ஒவ்வொரு முறையும் புதிதாகத் திருப்ப வேண்டியதில்லை; முந்தையதிலிருந்து அடுத்தது பிறக்கிறது. பாதி முறை ஒரு பிட்டிலேயே வேலை முடியும், கால்வாசி முறை இரண்டு பிட்டில். எண் எத்தனை பிட் நீளமானாலும் சராசரி இரண்டைத் தாண்டாது.

அட்டவணை போட்டு வைத்துக்கொள்வது இன்னொரு வழி. அதற்கும் 1,024 வரிகள் தேவையில்லை. 10 பிட் எண்ணை ஐந்து ஐந்தாக உடைத்து, இரண்டு துண்டையும் தனித்தனியே திருப்பி, இடம் மாற்றி ஒட்டினால் போதும். 32 வரி அட்டவணையில் முடிந்துவிடும். வன்பொருள்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சிக்னல்களைக் கையாளவென்றே செய்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்320 வரிசைச் சில்லுகள் பலவற்றில், முகவரியைக் கணக்கிடும் பகுதியே மீதியை வலப்பக்கம் தள்ளத் தெரிந்தது. இன்றைய செல்பேசிகளில் இருக்கும் ஏஆர்எம் செயலிக்கு ஓர் எண்ணின் பிட்களை முழுக்கத் திருப்ப 'ஆர்பிட்' என்ற ஒரே கட்டளை போதும்.

ஆக, தலைகீழைக் கண்டுபிடிக்கும் செலவு ஏறக்குறைய ஒழிந்தது. பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் சுமைகூலி தலைகாட்டுகிறது. இதுவரை சொன்னதெல்லாம் முகவரியைக் கண்டுபிடிக்கும் செலவு. அந்த முகவரிக்குப் போய்வரும் செலவை நாம் எண்ணவே இல்லை.

வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி. மளிகை மொத்தமும் பரணில். மிளகாய் தீர்ந்தால் பரணில் ஏறுகிறோம். ஏறியவர் ஒற்றை மிளகாயோடு இறங்குவாரா? டப்பாவோடுதான் இறக்குவார். கணினியிலும் இப்படித்தான். பெரிய நினைவகம் பரண். செயலியை ஒட்டியிருக்கும் கேஷ் அஞ்சறைப் பெட்டி. ஓர் எண்ணைக் கேட்டால், அதைச் சுற்றியுள்ள 64 பைட்டும் ஒரே மூட்டையாகக் கேஷுக்கு வரும். மெய்ப் பகுதியும் கற்பனைப் பகுதியும் சேர்ந்து நம் எண் ஒன்று 16 பைட் என்றால், மூட்டைக்கு நான்கு எண்.

இப்போது கணக்கைப் பெரிதாக்குவோம். 10,48,576 எண்கள், அதாவது 20 பிட் முகவரி. மொத்தம் 16 மெகாபைட். ஒரு பக்கம் 0, 1, 2, 3 என்று வரிசையாகப் போகிறோம். எந்த வம்பும் இல்லை. மறுபக்கம் அவற்றின் தலைகீழ். 0-க்குப் பிறகு 8 மெகாபைட் தள்ளி, பிறகு 4 மெகாபைட்டில், பிறகு 12 மெகாபைட்டில். ஒவ்வொரு முறையும் பரணின் வெவ்வேறு மூலை. நான்கு எண் உள்ள மூட்டையை இறக்கி, ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு, அடுத்த மூலைக்கு ஓடுகிறோம்.

இறக்கிய மூட்டை கேஷில் தங்கினாலாவது பிறகு உதவுமே என்பீர்கள். அதற்கும் ஒரு சோதனை வருகிறது. ஒரு கோயில் வாசலில் செருப்பு வைக்கப் பத்து அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டோக்கன் எண்ணின் கடைசி இலக்கம்தான் அறை எண். 10, 20, 30, 40 என்ற டோக்கன்காரர்கள் மட்டும் வந்தால் சுழியம் எண் அறையில் செருப்பு குவியும், மற்ற ஒன்பதும் காலியாகக் கிடக்கும். பல செயலிகளில் முதல்நிலை கேஷ் 32 கிலோபைட். 64 அறைகள், அறைக்கு 8 மூட்டை. 4,096 பைட்டின் மடங்குகளில் இருக்கும் முகவரிகள் எல்லாம் ஒரே அறைக்குத்தான் போகும். நம் தலைகீழ் வரிசையிலோ முதல் 4,096 முகவரிகளும் அப்படிப்பட்ட மடங்குகளே! எட்டுப் பேர் இருக்கும் அறைக்கு நாலாயிரம் பேர் முட்டி மோதுகிறார்கள். ஒன்பதாவது மூட்டை வந்ததும் முதல் மூட்டை வெளியே. மறுபடி அது தேவைப்படும்போது மறுபடி பரண்.

1996-இல் ஆலன் கார்ப் என்பவர் பொறுமையாக ஒரு வேலை செய்தார். பிட் தலைகீழாக்க அதுவரை வந்த 30 முறைகளைத் திரட்டி, எல்லாவற்றையும் ஒரே பாணியில் ஃபோர்ட்ரானில் எழுதி, வெவ்வேறு நினைவக அமைப்பு கொண்ட கணினிகளில் ஓட்டிப் பார்த்தார். நினைவகம் எப்படி இயங்குகிறது என்பதைக் கணக்கில் கொண்டு அவரே வகுத்த இரண்டு புதிய முறைகள் மற்றவற்றைவிட வெகுவாக முந்தின. இரண்டாண்டு கழித்து லாரி கார்ட்டரும் காங் சூ காட்லினும் இந்தப் பாதையை மேலும் செப்பனிட்டார்கள்.

அதன் சாரத்தை அடுப்படி மொழியிலேயே சொல்கிறேன்: நடுவில் ஒரு மேசை போடு. 20 பிட் முகவரியை முதல் ஐந்து, நடு பத்து, கடைசி ஐந்து என்று பிரிக்கிறோம். நடுப் பத்தை அசையாமல் பிடித்துக்கொண்டால், முதலும் கடைசியும் சேர்ந்து 32-க்கு 32 ஒரு கட்டம், 1,024 எண்கள், 16 கிலோபைட். இது கேஷுக்குள் அடங்கும். அடுத்தடுத்த 32 எண்கள் கொண்ட 32 வரிகளை, மூட்டை மூட்டையாக, வீணாக்காமல் மேசைக்கு இறக்கு. தலைகீழாக்கும் புரட்டலை மேசை மேலேயே செய். பிறகு அடுத்தடுத்த 32 எண்கள் கொண்ட வரிகளாகவே, போக வேண்டிய இடத்துக்கு ஏற்று. இப்படி 1,024 சுற்று. ஒவ்வோர் எண்ணும் கூடுதலாக ஒருமுறை மேசைக்கு வந்து போகிறது. தாளில் எண்ணிப் பார்த்தால் வேலை கூடியிருக்கிறது, கடிகாரத்தில் நேரம் குறைகிறது. பரணில் ஏறும் தடவைதான் செலவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு கூட்டத்தார் வேறு மாதிரி யோசித்தார்கள். வரிசைப்படுத்துவதற்கென்று தனியாக ஏன் ஒரு நடை? 1,024 புள்ளிக்கு எப்படியும் பத்துக் கட்டமாகக் கணக்குப் போடுகிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் விடையை வேறோர் இடத்தில் எழுதும்போதே கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றி எழுதினால், கடைசிக் கட்டம் முடியும்போது வரிசையும் நேராகிவிடும். சந்தைக்குப் போகிற வண்டியிலேயே சுண்டைக்காயையும் ஏற்றிவிடுவது போல. 1960-களில் பிறந்த இந்த முறை தாமஸ் ஸ்டாக்ஹாம் பெயரால் வழங்குகிறது.  இம்முறைக்கு இரட்டிப்பு இடம் வேண்டும் என்பதுதான் விலை. 1997-இல் மாட்டியோ ஃப்ரிகோவும் ஸ்டீவன் ஜான்சனும் எம்ஐடியில் வெளியிட்ட எஃப்எஃப்டிடபிள்யூ என்ற நிரல் தொகுப்பும் புரட்டலுக்கென்று தனி நடை வைப்பதில்லை. கூடவே, எந்த வழி இந்தக் கணினியில் மலிவு என்று முதலில் ஓட்டி, நேரம் பார்த்து, பிறகே வேலையைத் தொடங்கும். சந்தையில் நாலு கடை விசாரித்துவிட்டு வாங்கும் பாட்டியின் புத்தி அது.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த வழி. நேராக்காமலே விட்டுவிடுவது!

விளையாட்டாகச் சொல்லவில்லை. விரைவு உருமாற்றத்தில் இரண்டு பாணி உண்டு. ஒன்று, நேர் வரிசையை வாங்கித் தலைகீழ் வரிசையில் விடை தரும். மற்றது, தலைகீழை வாங்கி நேராகத் தரும். ஒலியில் எதிரொலியை நீக்குவதும் மிகப் பெரிய எண்களைப் பெருக்குவதும் போன்ற வேலைகளில், உருமாற்றிய இரண்டு பட்டியல்களை எண்ணுக்கு எண் பெருக்கி, மறுபடி திருப்பி உருமாற்றுகிறோம். நடுவில் இருக்கும் பெருக்கலுக்கு வரிசை எதற்கு? இரண்டு பட்டியலும் ஒரே மாதிரி கலைந்திருந்தால் போதும். போகும்போது முதல் பாணி, வரும்போது இரண்டாம் பாணி. கலைத்ததை எதிர்நடையே நேராக்கிவிடும். புரட்டல் என்ற வேலையே இல்லை.

2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு, குவாண்டம் கணினிக்கும் அசையாத மறையாக்கம் என்று எம்எல்-கெம் என்னும் தரநிலையை வெளியிட்டது. அதில் 256 எண்கள் கொண்ட பல்லுறுப்புக் கோவைகளை, ஃபூரியே உருமாற்றத்தின் முழுஎண் தம்பி ஒருவன் உருமாற்றுகிறான். விடை பிட் தலைகீழ் வரிசையில் வருகிறது. அதை யாரும் நேராக்குவதில்லை. பொதுச் சாவியே அந்த வரிசையில்தான் கம்பி வழியே பயணம் போகிறது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மறுமுனையிலிருந்து எண்ண ஒப்புக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவே. கூலி, பூஜ்யம்.

ஆகவே, அடுத்தமுறை நிரல் மெதுவாக ஓடினால் பெருக்கல்களை எண்ணுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சுமையைச் சில்லறையாகத் தூக்குகிறேனா, மூட்டையாகவா? போகிற வண்டியில் ஏற்ற முடியாதா? கொண்டு போய்ச் சேர்க்கத்தான் வேண்டுமா?

இவ்வளவு நேரம் மேடையில் கால்கடுக்க நிற்கும் இந்த எட்டுப் பேரை மறந்தே போய்விட்டேன். மன்றத்தின் சார்பில் ஆளுக்கொரு புத்தகம் தருவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். எட்டும் ஒரே புத்தகம். என்ன தம்பி, வரிசைப்படி திரும்ப நிற்கவா என்று கேட்கிறாயா? வேண்டாமப்பா. நின்ற இடத்திலேயே நில்லுங்கள். 0, 4, 2, 6, 1, 5, 3, 7 என்றே கொடுத்துவிடலாம். எல்லாருக்கும் கிடைத்துவிடும்.